முதல் முறை டைம்லைன் முன்னால்: எடிட்டிங் கேள்வி பதில்

சாலிகிராமத்தில் எடிட்டராக வேலை பார்க்கிறேன். வீடியோ எடிட்டிங்கை இப்போதுதான் தொடங்கியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். டாவின்சி ரிசால்வ் போட்டேன், திணறுகிறது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் என்றால் நன்றாக ஓடுமா?
(கல்லூரி மாணவி, வேளச்சேரி)

ஓடாதும்மா. திணறுவதற்குக் காரணம் கணினியின் பலம்தான், மென்பொருளின் விலை இல்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே அல்ட்ரா எச்டி அளவில், நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வரை எக்ஸ்போர்ட் செய்யலாம், அதாவது முடிந்த வீடியோவாக வெளியே எடுக்கலாம். ஆனால் நிம்மதியாக வேலை செய்ய 16 ஜிபி ரேமும் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். இப்போதைக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே இலவசம். எதைப் போட்டாலும் ப்ராக்ஸியை ஆன் செய்துவிடுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சிறிய நகல் உருவாகும், வெட்டும்போது அந்த நகல்தான் ஓடும். எக்ஸ்போர்ட் மட்டும் ஒரிஜினலிலிருந்து போகும்.

புது லேப்டாப் வாங்குவதற்கு முன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை காட்டிவிட்டு வாருங்கள். ரேம் ஸ்லாட் காலியாக இருந்து, ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாகவும் மாற்ற முடிந்தால், அதே லேப்டாப் இன்னும் சில வருடம் உழைக்கும். சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

மேடம், பேரனின் பிறந்தநாள் வீடியோவை நேற்று பாதி முடித்தேன். இன்று திறந்தால் எல்லாம் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று வருகிறது. அழிந்துவிட்டதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்)

பயப்படாதீர்கள் சார், நீங்கள் வெட்டியதெல்லாம் அப்படியே இருக்கும். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருப்பதில்லை. எந்தக் கிளிப், எந்த ஃபோல்டரில், எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். பென்டிரைவிலிருந்து நேராக டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அதைக் கழற்றியிருப்பீர்கள். திரும்பச் செருகுங்கள், அல்லது 'ரீலிங்க்' கொடுத்து இடத்தைக் காட்டுங்கள். இனிமேல் வேலைக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்து, வாட்ஸ்அப்பில் வந்த கிளிப் உட்பட எல்லாவற்றையும் முதலில் அதற்குள் காப்பி செய்யுங்கள். அப்புறம்தான் மென்பொருளைத் திறக்க வேண்டும்.

ஏம்மா, சமையல் சேனல் ஆரம்பிச்சிருக்கேன். என் வீடியோ சப்புன்னு இருக்கு. எந்த டிரான்சிஷன் போட்டா நல்லா இருக்கும்?
(இல்லத்தரசி, ராயபுரம்)

எதுவும் வேண்டாம் அம்மா. ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது போடும் எஃபெக்ட்தான் டிரான்சிஷன். முதல் சில மாதம் அதன் பக்கமே போகாதீர்கள். சாதாரண கட் எங்கே விழ வேண்டும் என்று கண்ணுக்கும் காதுக்கும் பழகினாலே பாதி எடிட்டிங் வந்துவிடும்.

நீங்கள் வஞ்சிரம் வறுப்பதாக வைத்துக்கொள்வோம். அடுப்படி முழுவதும் தெரியும் ஷாட் ஒன்று, தோசைக்கல்லின் க்ளோசப் ஒன்று. மசாலா தடவிய துண்டை எடுத்து, கை கல்லை நோக்கிப் போகிறது. புதிதாகச் செய்பவர்கள் துண்டைக் கல்லில் வைத்து முடித்த பிறகு வெட்டுவார்கள். அப்படிச் செய்தால் க்ளோசப் வரும்போது பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. கை பாதி வழியில் இருக்கும்போதே வெட்டுங்கள். மீதி அசைவு க்ளோசப்பில் முடியட்டும். கண் அசைவைப் பின்தொடர்ந்து போவதால் கட் விழுந்ததே தெரியாது. கை குதிப்பதுபோல் இருந்தால் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் அது பத்தில் ஒரு நொடிதான், ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

அடுத்து சத்தம். எண்ணெயில் மீன் 'சொய்ங்' என்று இரைவதை, படம் மாறுவதற்கு அரை நொடி முன்பே கேட்க விடுங்கள். இதை ஜே கட் என்போம். ஆடியோவை வீடியோவிலிருந்து பிரித்து, அதன் தொடக்கத்தை மட்டும் இடது பக்கம் இழுத்தால் போதும். சத்தம் கேட்டதும் பார்ப்பவர் மனசு கல்லுக்குப் போய்விடும், படம் அப்புறம் வந்து சேரும். உங்கள் பேச்சின் அளவு, மென்பொருளின் ஒலி மீட்டரில் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் இருக்கட்டும். பின்னணி இசை அதைவிட நன்றாகத் தணிந்திருக்க வேண்டும். உங்கள் அடுப்படிச் சத்தத்தை இசை போட்டு மூடிவிடாதீர்கள். அந்தச் சத்தம் வேறு எந்தச் சேனலிலும் கிடைக்காது.

அக்கா, கல்யாண மண்டபத்தில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடுகிறது. எடிட்டில் சரி பண்ணலாமா?
(வீடியோகிராபரிடம் உதவியாளர், அம்பத்தூர்)

டிஃப்ளிக்கர் எஃபெக்ட் ஓரளவு குறைக்கும், முழுசாகப் போகாது தம்பி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் அதோடு ஒத்துப்போகும், 1/60 என்றால் மோதும். 25 ஃபிரேமில் எடுப்பது இங்கே நல்லது. மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி சுவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். முகூர்த்தத்துக்கு முன்பே ஷட்டரை மாற்றி மாற்றி ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

போனில் எடுத்த பேட்டி. போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.
(யூடியூபர், தாம்பரம்)

போன்கள் பெரும்பாலும் ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும், சில மென்பொருள்கள் அதில் குழம்பிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, அந்த ஃபைலில் எடிட்டைத் தொடங்குங்கள்.

தமிழில் டைட்டில் அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறது மேடம்.
(கல்வி சேனல் நடத்துபவர், கொளத்தூர்)

முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களை யூனிகோடோடு கலக்காதீர்கள். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் இப்படி வந்தால், செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா பாருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் வேறு மென்பொருளில் டைட்டிலைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேலே வையுங்கள். பிழையான தமிழ் மட்டும் திரையில் போக வேண்டாம்.

எக்ஸ்போர்ட்டில் என்ன கொடுப்பது? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாகிறது.
(பலர்)

ஃபைல் வகை எம்பி4, சுருக்கும் முறை எச்.264. 1080பி, 25 அல்லது 30 ஃபிரேம் என்றால் பிட்ரேட் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட்) போதும், யூடியூப் பரிந்துரைப்பதும் அதுதான். அந்தக் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி வரும், பத்து நிமிட வீடியோ 600 எம்பி. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போய்ச் சேரும்.