சொதியின் விதியே தேங்காய்ப்பாகுக்கும்

கேள்வி: ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளத் தேங்காய்ப்பாகு காய்ச்சினேன். தேங்காய்ப்பாலும் சீனியும் சம அளவு சேர்த்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். எண்ணெய் மேலே மிதந்தது. அடியில் குருணை குருணையாகத் திரிந்துவிட்டது. எங்கே தவறு? பாகு எத்தனை நாள் இருக்கும்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தவறு நெருப்பில் இருக்கிறது அம்மா. நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மறுநாள் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும் தவசிப்பிள்ளையை, அதாவது சமையற்காரரைப் பார்த்திருப்பீர்கள். காய்கள் தண்ணிப்பாலில் வெந்து முடியும்வரை முதற்பாலைத் தொடவே மாட்டார். கடைசியில் அதை விட்டு, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுவார். பாகுக்கும் அதே விதிதான்.

தேங்காய்ப்பாலில் எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பரவியிருக்கிறது. அவை ஒன்றுசேராமல் காப்பது பாலில் உள்ள புரதம். சூடு 80 டிகிரி செல்சியஸை எட்டும்போது புரதம் இறுகத் தொடங்கும்; தளதளவென்று கொதிக்கவும் விட்டால் துளிகள் கூடி எண்ணெயாகப் பிரிந்துவிடும். சீனி செறிவாகக் கரைந்திருந்தால் அதே புரதம் இன்னும் சற்றுச் சூடு தாங்கும். அதனால்தான் சீனிப்பாகு முதலில், முதற்பால் பிறகு.

நன்றாக முற்றிய காய் இரண்டு எடுங்கள். இளங்காயில் பால் தண்ணீராகத்தான் வரும். துருவலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் சுமார் 250 மில்லி முதற்பால் கிடைக்க வேண்டும். அதைத் தனியே வைத்துவிட்டு, சக்கையில் மறுபடி வெந்நீர் விட்டு 200 மில்லி இரண்டாம் பால் எடுங்கள். அடி கனத்த பாத்திரத்தில் இரண்டாம் பாலையும் 400 கிராம் சீனியையும் ஒற்றைக் கம்பிப் பதம் வரும்வரை தாராளமாகக் கொதிக்க விடலாம். பிறகு தீயை நன்றாகக் குறைத்து, கொதி அடங்கும்வரை பொறுங்கள். முதற்பாலில் ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கட்டியின்றிக் கரைத்து, மெல்லிய தாரையாக விட்டுக் கிண்டுங்கள். மாவு எண்ணெயைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். ஆவி பறக்க வேண்டும், குமிழி எழக்கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கரண்டியின் முதுகில் பாகு படியும்; விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் அதற்குமேல் காய்ச்ச வேண்டாம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் மணமே தனி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி உங்களுக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கிறது! இரண்டாம் பாலில் கரைத்து, மண் போக வடிகட்டிய பிறகே பதத்துக்குக் காய்ச்சுங்கள்.

வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரமில்லாத கரண்டி போட்டு எடுத்தால் பத்து நாள் வைத்துக்கொள்ளலாம். வெளியில் வைக்கவே கூடாது. சீனி நிறைய இருந்தாலும் தேங்காய்ப்பாலில் புளிப்பு இல்லை, கிருமி வளர இடம் உண்டு. கெடாமல் இருக்கட்டும் என்று எலுமிச்சை பிழிந்துவிடாதீர்கள், புளிப்பு பட்டால் பால் திரியும்.

குளிரில் மேலே வெள்ளையாக ஓர் ஏடு கட்டும். அதைக் கண்டு கொட்டிவிட வேண்டாம். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அவ்வளவுதான். வேண்டிய அளவைக் கிண்ணத்தில் எடுத்து, வெந்நீரில் வைத்துக் கலக்கினால் கரைந்துவிடும். புளித்த வாடையோ நுரையோ பூஞ்சணமோ தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.