எஞ்சினை ஊர் தாங்கும், டயரைத் தாங்குமா?

கடைக்கு வருகிறவர்களும் சரி, கடிதம் எழுதுகிறவர்களும் சரி, இந்த மாதம் சொல்லி வைத்த மாதிரி ஒரே வகை வண்டியைத்தான் கேட்கிறார்கள். பார்க்கச் சின்ன ஹேட்ச்பேக், உள்ளே தேவைக்கு மேல் ஒரு பங்கு கூடுதலான டர்போ எஞ்சின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டுவது), விறைப்பான சஸ்பென்ஷன். ஹாட் ஹேட்ச். காரைக்குடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற நானும் ஹூண்டாய் ஐ20 என் லைன் மேனுவல்தான் ஓட்டுகிறேன். கடைச் சரக்கு, கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். டிராக்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ மேல் ரொம்ப நாள் ஆசை. செகண்ட் ஹேண்டில் ஒன்று வருகிறது. இங்கே தினமும் ஓட்ட முடியுமா? இல்லை, ஐ20 என் லைன், டாடா அல்ட்ராஸ் ரேசர் என்று இறங்கி வரவா?
*வாசகர், பள்ளத்தூர்*

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன் தம்பி. 1975இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதல் கோல்ஃப் ஜிடிஐயை வைத்தபோது அதில் இருந்தது 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன் எஞ்சின். ஐயாயிரம் வண்டி போனால் போதும் என்றுதான் கம்பெனியே நினைத்தது. 2025 மே மாதம் நம் நாட்டுக்கு வந்த ஜிடிஐ 2 லிட்டர் டர்போ, 265 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.9 நொடி. வந்தபோது ஷோரூம் விலையே 53 லட்சம்.

எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்தக் கால டர்போ எஞ்சின்கள் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் நகர்ந்தாலும் முகம் சுளிப்பதில்லை. வம்பெல்லாம் வண்டி ரோட்டைத் தொடுகிற இடத்தில்தான். ஜிடிஐயின் டயர் 225/40 ஆர்18. அதாவது அகலம் 225 மில்லிமீட்டர், சைடுவால் என்கிற பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், 90 மில்லிமீட்டர், வீல் 18 அங்குலம். ஐ20 என் லைனுக்கு 195/55 ஆர்16, அங்கே 107. அல்ட்ராஸ் ரேசருக்கு 185/60 ஆர்16, அங்கே 111. விரல் அகல வித்தியாசம்தானே என்று தோன்றும்.

மெயின் ரோட்டை விட்டுக் கண்மாய்க்கரை ரோட்டில் திரும்பிப் பாருங்கள். ஒரு பஸ் போகிற அகலம்தான். எதிரே டவுன் பஸ் வந்தால் யார் இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை, நீங்கள்தான் இறங்க வேண்டும். தார் முடிகிற இடத்தில் மழை அரித்து நாலு விரல் பள்ளம் இருக்கும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்ப மேலே ஏறும்போதுதான் அந்த விளிம்பு டயரை ரிம்மோடு சேர்த்து நசுக்கும். சைடுவால் உயரமாக இருந்தால் வளைந்து கொடுத்துவிடும். குட்டையாக இருந்தால் உள்ளே ஓடுகிற நூல் அறுந்து, பிறகொரு நாள் பார்க்கையில் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து நிற்கும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எங்கள் தெருவில் ஒருவர் ஜெர்மன் செடான் வைத்திருக்கிறார். அவர் வாங்கிப்போட்ட டயர்களின் கதையைக் கேட்டால் அழுகை வரும். அந்த அளவு டயர் இங்கே கடையில் ஸ்டாக் இருப்பதில்லை, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும்.

இதோடு ரோட்டோரச் செம்மண்ணில் சீமைக்கருவேல முள். அது குத்தினால் உடனே காற்று இறங்காது. முள் உள்ளேயே ஒடிந்து நின்று, நாளுக்கு இரண்டு மூன்று பாயிண்ட் (பிஎஸ்ஐ) என்று கசியும். காற்று குறைந்த டயரோடு அந்தத் தார் விளிம்பில் ஏறினால் எந்த டயரும் போகும். ஆகவே டயர் பிரஷர் காட்டும் வசதி உள்ள மாடலையே வாங்குங்கள். சன்ரூஃபைவிட அது முக்கியம்.

என்னைக் கேட்டால் ஐ20 அல்லது ரேசர். இரண்டும் 120 குதிரைத்திறன், நம் ரோட்டுக்கு அதுவே தாராளம். ஜிடிஐதான் என்றால், 17 அங்குல வீலுக்கு இறங்குங்கள். 225/45 ஆர்17 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், சைடுவால் மட்டும் 101 மில்லிமீட்டர் ஆகிவிடும். வெளிநாடுகளில் அதே வண்டி 17 அங்குல வீலோடும் வந்திருக்கிறது. ஊரில் நாலு பேர் வீலைப் பார்த்து ரசிக்க மாட்டார்கள், அவ்வளவுதான் நஷ்டம்.

மகன் இந்த மாதிரி வண்டி எடுத்திருக்கிறான். பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்காலும் இடுப்பும் அலுங்குகிறது. போன தடவை சென்னைக்குக் கொண்டுபோன தேன்குழலும் சீப்புச்சீடையும் போய்ச் சேர்ந்தபோது பாதி தூளாக இருந்தது. வண்டியை மாற்றச் சொல்லவா?
*வாசகி, கொத்தமங்கலம்*

மாற்ற வேண்டாம் ஆச்சி, இடத்தை மாற்றுங்கள். காரில் குலுக்கல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் குறைவு, பின் சக்கரத்துக்கு மேலே அதிகம், அதற்கும் பின்னால் டிக்கியில் எல்லாவற்றையும்விட அதிகம். நீங்கள் உட்கார்ந்தது பின் சக்கரத்தின் மேல். சீப்புச்சீடை போனது டிக்கியில். இனி நீங்கள் முன் சீட்டில் உட்காருங்கள். சீட்டின் உயரத்தை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், முழங்காலை மடக்கி எழ வேண்டியிருக்காது. இந்த வண்டிகளின் சீட்டில் இரண்டு பக்கமும் மேடாக இருக்கும். காலை முதலில் உள்ளே வைக்காமல், வெளியே பார்த்து உட்கார்ந்துவிட்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். பலகார டின்னை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வையுங்கள், டின்னுக்கு அடியில் பழைய போர்வை ஒன்று. வெல்லப்பாகில் புரட்டிய மனகோலம் டிக்கியில் போகலாம், அதற்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கிற பையன் கேட்காமலே 40 பாயிண்ட் பிடித்துவிடுவான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருப்பதை, டயர் சூடாவதற்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். பாதி அலுங்கல் அதிலேயே போய்விடும்.

நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றும் சொல்ல வேண்டும். 2016இல் போலோ ஜிடிஐ என்று ஒன்று விற்றார்கள், 192 குதிரைத்திறன். மொத்தம் 99 வண்டிதான் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் ஆள் ஏறத் தனிக் கதவே கிடையாது. முன் சீட்டை மடக்கிக் குனிந்து உள்ளே போக வேண்டும். மகன் அதை எடுத்திருந்தால்?

கோலாலம்பூரில் இருக்கிறேன். கானாடுகாத்தான் வீட்டுக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை வருவேன். வரும்போது ஓட்ட ஒரு டர்போ ஹேட்ச் வாங்கி வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று யோசனை. மாதக்கணக்கில் நிற்கும். வாட்ச்மேன் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைப்பார். போதுமா?
*வாசகர்*

அண்ணே, வாங்குங்கள், ஆனால் வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவர்மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது சும்மா நிற்பதைவிடக் கெடுதல். எஞ்சின் சரியாகச் சூடாகாமல் பெட்ரோலும் ஈரமும் எஞ்சின் ஆயிலில் இறங்கும். அந்த ஆயில்தான் டர்போவுக்கும் போகிறது. ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்டுகூட அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்ப ஏறாது. ஓட்டத் தெரிந்த ஆள் யாராவது அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டி வந்தால் சரி. ஆள் இல்லை என்றால் தொடாமல் விடுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் டேங்கை நிரப்புங்கள். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும். டயரில் நாலைந்து பாயிண்ட் கூடுதலாகக் காற்று வையுங்கள். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே அடிப்பக்கம் தட்டையாகி, ஓட்டும்போது கடகடவென்று அடிக்கும். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டு வைத்தால் பின் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் டிக்கியில் இருக்கும் சாமானை எடுத்துவிடுங்கள், பல வண்டிகளில் கரண்ட் இல்லாமல் டிக்கி திறக்காது. ரிமோட்டும் வேலை செய்யாது. அதற்குள்ளே ஒரு சாதாச் சாவி இருக்கும், அதை எப்படி எடுப்பது என்று இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

எலி பெரிய விஷயம். பூட்டிய வீட்டு எலிக்கு பானெட்டுக்குள் இருக்கும் ஒயர்தான் சாப்பாடு. புகையிலையைத் துணியில் கட்டிப் போடுகிறார்கள். பாதி எலிக்கு அது பிடிப்பதில்லை, மீதி எலிக்குப் பழகிவிட்டது. அடியில் கம்பி வலை அடிப்பது உருப்படியான வேலை. நெல் மூட்டை, பழைய பாய், அரிசி டிரம் எதையும் வண்டி நிற்கிற இடத்தில் வைக்காதீர்கள்.

நம் பழைய வீடுகளில் கார் ஷெட் பெரும்பாலும் பின்தெருப் பக்கம்தான் இருக்கும். அந்தச் சரிவு அந்தக் காலத்துப் பெரிய வண்டிகளுக்குக் கட்டியது. இந்த வண்டியின் முன் பம்பர் தாழ்வு, ஏறும்போது உரசும். இரண்டு பலகையை முட்டுக்கொடுத்துப் போட்டு ஏற்றுங்கள். பர்மா தேக்குதான் வேண்டும் என்பதில்லை. திரும்பி வந்து முதல் நாள் ஓட்டும்போது பிரேக் டிஸ்க்கில் துரு இருக்கும், கரகரவென்று சத்தம் வரும். நாலு தடவை மெதுவாகப் பிரேக் பிடித்தால் போய்விடும். பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். இன்ஷூரன்ஸையும் புகைச் சான்றிதழையும் மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.

கல்லூரியில் படிக்கும் மகன் சைலன்சரை மாற்றி, கம்ப்யூட்டரில் ஏதோ ரீமேப் செய்தால் 20, 30 குதிரைத்திறன் கூடும் என்கிறான். செய்யலாமா?
*வாசகர், தேவகோட்டை*

கூடும், பொய் இல்லை. ரீமேப் என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது. டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடத்தான் செய்யும். கூடவே கியர்பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் கம்பெனி கணக்குப் போட்டு வைத்த வரம்பும் தாண்டும். வாரண்டி போகும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் பார்ப்பார்.

சைலன்சர் பற்றித் தனியாகச் சொல்கிறேன். நம் ஊர்த் தெருக்களில் ஒரு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், இரண்டு பக்கமும் நீண்ட வெற்றுச் சுவர். அந்தச் சந்தில் ஓட்டை சைலன்சரோடு மதியம் இரண்டு மணிக்குப் போனால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே வரும். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதி வீட்டில் வயதானவர்கள் கண்ணயர்ந்திருப்பார்கள். மகனிடம் சொல்லுங்கள், அந்தப் பணத்துக்கு நல்ல டயர் நாலு வாங்கலாம், பிரேக் பிடித்தால் நிற்கும்.

மைலேஜ் உண்மையில் எவ்வளவு? பிரீமியம் பெட்ரோல் போட வேண்டுமா?
*வாசகர், காரைக்குடி*

2021இல் ஐ20 என் லைன் வந்தபோது கம்பெனி சொன்னது லிட்டருக்கு 20 கிலோமீட்டர். எனக்கு ஊருக்குள் 11, 12. திருச்சி ரோட்டில் பொறுமையாகப் போனால் 16, 17. டேங்க் 37 லிட்டர்தான், பங்க்குக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் ஆறு, ஏழு சதவீதம் இழப்பு கணக்கிலேயே இருக்கிறது. உங்கள் கால்மேல் பழி போடாதீர்கள். ஐ20க்குச் சாதா பெட்ரோல் போதும். ஜிடிஐ மாதிரி எஞ்சினுக்கு 95 ஆக்டேன் வேண்டும், அங்கே கஞ்சத்தனம் கூடாது.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஆயிலில் பிடிக்காதீர்கள். கையேட்டில் போட்ட தரத்து ஆயில், போட்ட கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றுவது. காலையில் எடுத்ததும் மிதிக்காதீர்கள். தண்ணீர்ச் சூடு முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாகச் சில நிமிடம் ஆகும். வேகமாக ஓட்டி வந்தால் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்து அணையுங்கள்.

கிளட்ச் பெடல் இல்லாத டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேடிக்) நல்லதா, மேனுவலா? அப்புறம், இவ்வளவு சக்தி நம் ரோட்டில் எதற்கு?
*வாசகர், குன்றக்குடி*

ஐ20இல் வரும் டிசிடி எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச் வகை. சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போகிற கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் சூடாகும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழுந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக் பிடியுங்கள். இது ஒத்துவரும் என்றால் டிசிடி. எனக்கு ஒத்துவரவில்லை, மேனுவல் எடுத்தேன். 2023 செப்டம்பரிலிருந்துதான் அதில் முழு மேனுவல் கிடைக்கிறது, அதற்கு முன்னால் கியரைக் கையால் மாற்ற வேண்டிய, கிளட்ச் பெடல் மட்டும் இல்லாத ஐஎம்டி.

சக்தி எதற்கு என்றால், ஓவர்டேக்குக்கு. ஐ20 என் லைன் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே முழு இழுவையும் கிடைக்கிறது, 172 நியூட்டன் மீட்டர். இருவழிச் சாலையில் வைக்கோல் லாரியைத் தாண்ட எதிர்ப்பக்கம் இருக்கிற நேரம் சாதா ஹேட்ச்பேக்கைவிட வெகுவாகக் குறையும். அதற்காக மட்டுமே வாங்கலாம் என்பேன். தை மாதம் மட்டும் அதையும் மறந்துவிடுங்கள். உங்கள் ஊர் வழியாகத்தான் பழனிப் பாதயாத்திரை போகிறது. ராத்திரியில் ரோட்டோரம் முழுக்க ஆட்கள், காவடி, குழந்தைகள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் எல்லோரும் ஒட்டியிருக்க மாட்டார்கள். முப்பது, நாற்பதுக்கு மேல் போகாதீர்கள், ஹை பீமும் வேண்டாம்.