அக்கா காலில் செம்புள்ளிகள்

கேள்வி: என் அக்காவுக்கு 46 வயது, பத்து வருஷமாக லூபஸ் (நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்). முழங்காலுக்குக் கீழே செந்நீலப் புள்ளிகள் வந்து, கணுக்கால் பக்கம் ஒன்று புண்ணாகிவிட்டது. இரண்டு மாதம் சாப்பிட்ட பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை, முகம் ஊதுகிறது என்று நான்கு நாளாக நிறுத்திவிட்டார். தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். பூசும் மருந்து மட்டும் போதாதா?
– வாசகி, காத்ர் போர்ன், மொரிஷியஸ்

அன்புத் தங்கைக்கு,

புள்ளிகளைவிட, மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தானே சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முகம் ஊதுவது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். அளவைப் படிப்படியாக இறக்கலாம், அது மருத்துவர் கணக்குப்படி நடக்க வேண்டும்.

ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளி மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மறையாவிட்டால், ரத்தம் குழாயை விட்டுக் கசிந்து தோலுக்குள் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். லூபஸில் நோயெதிர்ப்புச் சக்தியே நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்கினால் இப்படி வரும். அதனால் பூசும் மருந்து மட்டும் போதாது. இதே அழற்சி சத்தமில்லாமல் சிறுநீரகத்திலும் இருக்கலாம். சிறுநீரில் புரதமோ ரத்தமோ போகிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் புள்ளி வந்தால் ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்குப் பழைய புள்ளியைவிட அதுதான் நல்லது. சமீபத்தில் சாப்பிட்ட மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள், சில ஆன்டிபயாடிக்குகளும் இதைத் தூண்டும்.

தோலோடு நின்றால் கால்களை உயர்த்தி வைத்து ஓய்வு, கால்ச்சிசின் அல்லது டாப்சோன் போன்ற மாத்திரை என்று சமாளிக்கலாம். டாப்சோனுக்கு முன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். புண் ஆழமானால், உள்ளுறுப்பைத் தொட்டால், ஸ்டீராய்டோடு அசதயோபிரின், மைக்கோபினோலேட் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வரும். அப்புறம், சர்க்கரையைப் பாருங்கள். நம் தீவில் அது வீட்டுக்கு வீடு இருக்கிறது, ஸ்டீராய்டு அதை ஏற்றும்.

சிறுநீர் கருத்தாலோ, பாதம் மரத்துத் தொங்கினாலோ, வயிற்றுவலியோடு மலத்தில் ரத்தம் போனாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காவடி விஷயம். வெயிலில் மணிக்கணக்காக நின்றால் ரத்தம் காலில் தேங்கிப் புள்ளிகள் பெருகும், வெயில் லூபஸையும் கிளறும். ஆறாத புண்ணோடு வெறுங்காலில் கோர் த கார்த் மலை முருகன் கோயில் படி ஏறுவது வேண்டவே வேண்டாம். இந்த வருஷம் அக்காவுக்காக நீங்கள் பால்குடம் எடுங்கள். அவர் கீழே நிழலில், கால் நீட்டி உட்கார்ந்து கும்பிடட்டும்.