பிரஸ்பிட்டேரியன் போதகர்: கேளுங்கள், சொல்கிறேன்

புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்றான பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகராக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: ஐயா, உங்கள் சபையில் பேராயரே கிடையாதாமே? போதகருக்கு மேலே யார்?

பதில்: தனி ஆள் யாரும் இல்லை, மன்றங்கள்தான். சபை மக்கள் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்தது செஷன். பல சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடுவது பிரஸ்பிட்டரி. போதகருக்குக் கைகளை வைத்து அபிஷேகம் செய்வதும், அவர்மேல் புகார் வந்தால் விசாரிப்பதும் பிரஸ்பிட்டரியின் பொறுப்பு. செஷனைத் தலைமை தாங்கி நடத்துபவர் போதகர்தான். ஆனால் மூப்பர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பக்கம் நின்றால் அவர் எண்ணம் நிறைவேறாது. இது பிடிக்காதவர்கள் இந்த ஊழியத்துக்கு வராமல் இருப்பதே நல்லது.

கேள்வி: அப்படியானால் போதகரை நியமிப்பது யார்?

பதில்: சபையே அழைக்கும். தேடல் குழு பிரசங்கம் கேட்கும், சபை கூடி ஓட்டுப் போடும், பிரஸ்பிட்டரி ஒப்புதல் தரும். ‘உலகக் கவலைகள் இல்லாமல் ஊழியம் செய்ய’ இவ்வளவு சம்பளம் தருவோம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதுவது பழைய வழக்கம். கவலை தீர்ந்ததா என்பது வேறு விஷயம்!

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. ஸ்காட்லாந்தில் 1712-ஆம் ஆண்டுச் சட்டம், போதகரை முன்மொழியும் அதிகாரத்தை நிலப்பிரபுக்கள் போன்ற புரவலர்களிடம் திருப்பிக் கொடுத்தது. சபை வேண்டாம் என்ற ஆளையும் ஏற்கத்தான் வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னதும் பிரச்சினை முற்றியது. 1843 மே 18 அன்று எடின்பரோவில், திருச்சபையின் உச்ச மன்றமான பொதுப்பேரவையை விட்டுப் போதகர்கள் வெளிநடப்பு செய்தார்கள். தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் சுதந்திரத் திருச்சபை பிறந்தது. அதில் சேர்ந்த போதகர்கள் 450-க்கும் மேல். சம்பளம் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. குழந்தை குட்டிகளோடு வாடகை வீடு தேடி அலைந்தார்கள். புரவலர் முறை அங்கே ஒழிந்தது 1874-இல்தான்.

கேள்வி: ஞாயிறு ஒரு நாள்தானே வேலை?

பதில்: எல்லாரும் கேட்பதுதான். பிரசங்கத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். எபிரெயமும் கிரேக்கமும் படிக்க வைப்பதே வேதாகமத்தின் மூலத்தைப் பார்த்துப் பேசத்தான். மற்ற நேரம் வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி, செஷன் கூட்டம். துக்க வீட்டுக்குப் போனால் நான் முதலில் நோட்டில் குறிப்பது பிள்ளைகளின் பெயர்களை, மூத்தவர் யார், வெளியூரிலிருந்து வர வேண்டியவர் யார் என்பதோடு. அடக்க ஆராதனையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் பிரசங்கத்தை மறந்துவிடும், அதை மறக்காது.

கேள்வி: யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறித்தல் உபதேசத்தைச் சாகக் கிடப்பவரிடமும் பேசுவீர்களா?

பதில்: மாட்டேன். எங்கள் நம்பிக்கைகளைத் தொகுத்து 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, இதை விசேஷ விவேகத்தோடும் கவனத்தோடும் கையாள வேண்டும் என்கிறது. படுக்கையருகே 23-ஆம் சங்கீதமும் ஒரு சிறு ஜெபமும் போதும்.

கேள்வி: பெண்கள் போதகராகலாமா?

பதில்: எந்தத் திருச்சபை என்பதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்து திருச்சபை 1968-இலேயே அனுமதித்தது. சில பிரஸ்பிட்டேரியன் சபைகள் இன்றும் அனுமதிப்பதில்லை.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு பழைய சபைக்குப் போவீர்களா?

பதில்: ஒதுங்கியிருப்பதுதான் மரியாதை. “நீங்களே வந்து கல்யாணத்தை நடத்துங்கள்” என்று பழைய ஆட்கள் போன் செய்வார்கள். இப்போதைய போதகரும் செஷனும் அழைத்தால் போய் நடத்துவேன். இல்லையென்றால் விருந்தாளியாகப் போய், வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவேன்.