சின்ன சொசைட்டியில் மாதச் சேமிப்பு: விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: திருச்சியிலிருந்து லண்டனில் உள்ள ஹாரோ வந்து இரண்டு வருடம் ஆகிறது. கேர் ஹோமில் வேலை பார்க்கிறேன். மாதம் 250 பவுண்டு மிச்சம் பிடித்து, பேங்க் மாதிரியே சேமிப்பு வாங்குகிற ஒரு சின்ன பில்டிங் சொசைட்டியின் ரெகுலர் சேவர் (மாதாமாதம் போடும்) கணக்கில் 6 சதவீத வட்டிக்குப் போடலாம் என்று ஆன்லைனில் விண்ணப்பித்தேன். ‘உங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை’ என்று ஈமெயில் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் 60 பவுண்டு கொடுத்தால் முடித்துத் தருவதாகவும், வேண்டுமானால் அவருடைய அட்ரஸைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா? பேரே கேள்விப்படாத இடத்தில் போடும் பணம் பத்திரமா?

பதில்: முதலில் அந்த 60 பவுண்டைக் கொடுக்காதீர்கள். சேமிப்புக் கணக்கு தொடங்க இந்த நாட்டில் எந்த சொசைட்டியும் கட்டணம் வாங்குவதில்லை. அவர் நிரப்பப்போவதும் நீங்கள் ஏற்கெனவே நிரப்பிய அதே படிவத்தைத்தான்.

அட்ரஸ் விஷயம் அதைவிட மோசம். நீங்கள் குடியிருக்காத வீட்டைக் குடியிருப்பதாகப் போட்டால் அது பொய் விண்ணப்பம். கண்டுபிடித்தால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறக்கூடும், அந்தக் குறிப்பு ஆறு வருடம் வரை நிற்கலாம். அது இருக்கும்வரை புது பேங்க் அக்கவுண்ட், போன் ஒப்பந்தம், நாளைக்கு வீட்டுக்கடன் எல்லாவற்றிலும் இடிக்கும். இன்னொன்று, சின்ன சொசைட்டிகள் பாஸ்புக்கையும் லாகின் எண்ணையும் இன்னும் தபாலில் அனுப்புகின்றன. அவை யார் வீட்டுக்குப் போகும்? என்னிடம் வந்த ஒருவருடைய பாஸ்புக் ஏழு மாதம் இப்படி வேறொருவர் வீட்டு டிராயரில் கிடந்தது. கேட்கப்போனால் ‘இன்னும் ஐம்பது கொடு’ என்றாராம். நம் ஆட்களிடமே நம் ஆட்கள் இப்படிச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, விண்ணப்பம் ஏன் திரும்பியது? உங்கள் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆன்லைனில் நீங்கள் பட்டனை அழுத்தியதும் ஒரு கம்ப்யூட்டர், நம் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் கிரெடிட் ஏஜென்சிகளிடம் உங்கள் பெயர், பிறந்த தேதி, அட்ரஸ் மூன்றும் ஒன்றாகப் பதிந்திருக்கிறதா என்று தேடுகிறது, அவ்வளவுதான். நம் பெயர்களில்தான் அது தடுக்கி விழுகிறது. ஒரு உதாரணம்: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேமில் ‘கவிதா முருகேசன்’. பேங்க்காரர்கள் காலியாக விட முடியாது என்று ‘முருகேசன்’ என்பதை இரண்டு தடவை போட்டிருப்பார்கள். சம்பளச் சீட்டில் ‘எம். கவிதா’. கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) பில்லில் கணவர் பெயர் மட்டும். நமக்கு இது ஒரே ஆள், அந்தக் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், நாலாவதாக ஒரு ஆண். கோடிக்கணக்கான மனிதர்களுக்கு ஒற்றைப் பெயரோ இனிஷியலோதான் வழக்கம் என்று இத்தனை வருடமாகியும் இந்த சிஸ்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை!

அதனால் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொண்டுவாருங்கள். பேங்க் கிளைக்குப் பாஸ்போர்ட்டோடு போய்ப் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டுக்கு வேலை செய்யும் இடத்தில் சொல்லுங்கள். கவுன்சில் டாக்ஸில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நம்மில் பாதிப்பேர் செய்யாமல் விடுகிற முக்கியமான வேலை, வாக்காளர் பட்டியலில் பதிவது. கிரெடிட் ஏஜென்சிகள் பெயரையும் அட்ரஸையும் அதில்தான் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ‘நான் பிரிட்டிஷ் குடிமகள் இல்லையே’ என்பீர்கள். தேவையில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள், அந்தக் குடிமக்கள் முறையான விசாவில் இங்கே குடியிருந்தால் பதிவுசெய்யலாம், ஓட்டும் போடலாம். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கையில் இருந்தால் ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. இதில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறாகச் சொல்லி நிறையப் பேரை அலைய விடுகிறார்கள். இலங்கையில் பிறந்து பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை வாங்கி, அந்தப் பாஸ்போர்ட்டில் லண்டன் வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. இலங்கையில் பிறந்தது இங்கே கணக்கில் வராது, இப்போது கையில் இருக்கும் குடியுரிமைதான் கணக்கு. அவர்கள் 2020 டிசம்பர் 31-க்கு முன்பே இங்கே முறையாகக் குடியிருந்து அது தொடர்ந்தால், இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கான பதிவு கிடைக்கும். அதற்குப் பிறகு வந்த பிரெஞ்சு, ஜெர்மன் குடிமக்களுக்குக் கிடைக்காது, ஆனால் டென்மார்க், ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, லக்சம்பர்க் குடிமக்களுக்கு ஒப்பந்தம் இருப்பதால் கிடைக்கும். சுவிஸ், நார்வே பாஸ்போர்ட்டுக்கு இங்கிலாந்தில் கிடையாது. உங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, இன்றைக்கே பதிவுசெய்யுங்கள். பதியும்போது, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ‘ஓப்பன் ரெஜிஸ்டரில் வேண்டாம்’ என்று தாராளமாகச் சொல்லலாம். கிரெடிட் ஏஜென்சிகள் பார்ப்பது முழுப் பட்டியலை.

இதெல்லாம் பதிவாகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் சொசைட்டிக்கு போன் செய்து, தபாலில் விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். பெரிய பேங்க் மாதிரி இல்லாமல், சின்ன சொசைட்டியில் பெரும்பாலும் மனிதர் ஒருவர் போனை எடுப்பார். பாஸ்போர்ட்டின் சான்றளித்த நகலும் ஒரு முகவரிச் சான்றும் கேட்பார்கள். நகலில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள், போஸ்ட் ஆபீஸிலேயே இந்தச் சேவை உண்டு. அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பாதீர்கள், இடைத்தரகரிடமும் ஒருநாள்கூட விட்டு வைக்காதீர்கள். போன் போட்ட கையோடு, ஹாரோ போஸ்ட்கோடுக்கு இந்தக் கணக்கு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள், பல சொசைட்டிகள் நல்ல வட்டியை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் வைத்திருக்கின்றன.

பத்திரமா என்றால், பத்திரம்தான். லெஸ்டர்ஷயரில் ஏர்ல் ஷில்டன் என்று ஒரு சொசைட்டி 1857-லிருந்து நடக்கிறது, ஹாரோவில் யாருக்குத் தெரியும்? ஊர் பெயர் தெரியாததால் பணத்துக்கு ஆபத்து வந்துவிடாது. 2025 டிசம்பர் 1 முதல் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,20,000 பவுண்டு வரை எஃப்.எஸ்.சி.எஸ் என்ற இழப்பீட்டுத் திட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. 2009-ல் டன்ஃபர்ம்லின் சொசைட்டி முழுகியபோதும் சேமித்தவர்களின் கணக்குகள் அப்படியே நேஷன்வைடுக்கு மாறின. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ-வின் பதிவேட்டில் சொசைட்டியின் பெயரைத் தேடிப் பார்த்து, அங்கே இருக்கும் இணைய முகவரி வழியாகவே உள்ளே போங்கள். வாட்ஸாப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், நிஜ சொசைட்டியின் பெயரிலேயே போலித் தளம் போடுகிறார்கள். இதே உங்கள் தெருவில் யாரோ பிடிக்கிற சீட்டில் இந்த 250-ஐப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பில் ஒரு பென்னிகூடக் கிடையாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

படிவத்தில் ‘ஷேர்’ என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது பங்குச்சந்தை இல்லை, நீங்கள் அங்கே உறுப்பினர் என்று அர்த்தம். சொசைட்டி என்றைக்காவது பேங்க்காக மாறினால் கிடைக்கும் பங்கை அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்றும் ஒரு வரி இருக்கலாம். 1997-ல் ஹாலிஃபாக்ஸ் மாறியபோது உறுப்பினர்களுக்கு இலவசப் பங்கு கிடைத்தது, அதைப் பார்த்து ஊர் ஊராகக் கணக்கு திறந்தவர்களைத் தடுக்கத்தான் அது. உங்கள் சேமிப்பைத் தொடாது.

வட்டிக் கணக்கிலும் ஏமாந்து போகாதீர்கள். மாதம் 250 என்றால் வருடத்துக்கு 3,000, அதற்கு 6 சதவீதம் 180 பவுண்டு என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள். முதல் தவணை மட்டும்தான் பன்னிரண்டு மாதம் இருக்கிறது, கடைசித் தவணைக்கு ஒரே மாதம். மொத்தமாக வருவது சுமார் 97 பவுண்டு 50 பென்ஸ். யாரும் திருடவில்லை, ஆனால் விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குக் கோபம்தான். வரி பற்றிக் கவலை வேண்டாம், அடிப்படை வரி கட்டுபவருக்கு வருடம் 1,000 பவுண்டு வட்டி வரை வரி இல்லை.

கணக்கு திறந்ததும், பேங்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஸ்டாண்டிங் ஆர்டரை மாதக் கடைசியில் வைக்காதீர்கள். மாதத்தின் கடைசி நாள் ஞாயிறாக இருந்தால் பணம் அடுத்த மாதத்தில் போய் விழும், அந்த மாதத்துத் தவணையும் சேர்ந்து மாத வரம்பைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 5-ம் தேதி வையுங்கள். சில சொசைட்டிகளில் எல்லா உறுப்பினருக்கும் ஒரே சார்ட் கோடு, ஒரே அக்கவுண்ட் எண்தான், யார் பணம் என்று அவர்களுக்குத் தெரிவது ரெஃபரன்ஸில் நீங்கள் போடும் கணக்கு எண்ணை வைத்துத்தான். அதில் ‘சேவிங்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். பன்னிரண்டாவது மாதம் முடிகிற தேதியை இப்போதே போனில் குறித்து வையுங்கள், அன்றைக்கு உங்கள் 3,000-ஐத் தூக்கி அற்ப வட்டிக் கணக்கு ஒன்றில் போட்டுவிட்டு ஒரு கடிதம் அனுப்புவார்கள், அந்தக் கடிதம் வந்த வாரமே பணத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.