பழைய செயின்சா: முதலில் தீப்பொறியைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) அறுத்துச் சாய்ப்பவர்கள் பலர் பழைய செயின்சாவை, அதாவது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பத்தை, இன்னும் கைவிடவில்லை. 30 வருடமாகப் பட்டறையில் இவற்றோடு பழகியவன் என்பதால், அவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, அப்பாவுடைய பாயிண்ட் வகை (பொறிக்கான மின்சாரத்தைத் தொட்டு விலகும் முனைகள் துண்டித்து விடும் பழைய வகை) செயின்சா காலையில் இரண்டே இழுப்பில் ஓடுகிறது. நாலு மரம் சாய்த்ததும் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறினால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரைத் திருகியும் சரிவரவில்லை.

பதில்: தம்பி, அந்தத் திருகாணிகளைத் தொடாதீர்கள். பெரும்பாலும் இது சூட்டில் படுத்துக்கொள்ளும் கண்டென்சர், இல்லாவிட்டால் காயில். இரண்டும் பொறிக்கு மின்சாரம் தரும் பாகங்கள். நின்ற உடனே, ஆறவிடாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். வயரில் மாட்டியபடியே சிலிண்டர் உலோகத்தில் அழுத்திப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். பிளக் ஓட்டைக்குத் தள்ளியே பிடிக்க வேண்டும். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நிழலில் பார்த்தால்தான் பொறி தெரியும். நீலமாகச் சடக்கென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்தால், அல்லது வரவே இல்லையென்றால், ஃபிளைவீல் என்ற சுழல் சக்கரத்தைக் கழற்றிப் பாயிண்டைப் பாருங்கள். அது கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பாயிண்ட் முனைகளின் இடைவெளி பல பழைய இயந்திரங்களில் 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். கடைசியாக ஒரு வெள்ளைத்தாளை அந்த முனைகளின் நடுவில் விட்டு உருவித் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குகூடப் பொறியைத் தடுக்கும். சூட்டிலும் பொறி நன்றாக வந்தால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஐயா, மூன்று வருடம் கொட்டகையில் கிடந்தது. பொறி வருகிறது. கார்புரேட்டரில் துளி பெட்ரோல் விட்டால் உறுமிவிட்டு அணைந்துவிடுகிறது.

பதில்: அப்படியென்றால் டேங்கிலிருந்து பெட்ரோல் ஏறவில்லை. டேங்க் ஃபில்டர், குழாய் வெடிப்பு இரண்டையும் பார்த்துவிட்டு டயாபிரத்துக்கு, அதாவது கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுக்கு, வாருங்கள். நல்லது வெற்றிலை போல வளையும். கெட்டது அப்பளம் போலச் சடசடக்கும். கார்புரேட்டரில் டில்லட்சனா, வால்ப்ரோவா என்று கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லி கிட் (டயாபிரமும் கேஸ்கட்டும் அடங்கிய பொதி) வாங்குங்கள். கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுங்கள், கேஸ்கட் வரிசை மாறினால் ஓடாது. துளைகளைக் கம்பியால் குத்தவே குத்தாதீர்கள்.

கேள்வி: மாமா, பெட்ரோலில் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இயந்திர ஆயில்) எவ்வளவு கலப்பது?

பதில்: இயந்திரத்தின் புத்தகம் சொல்வதுதான் சரி. பல பழைய இயந்திரங்களுக்கு 25-க்கு 1, அதாவது 4 லிட்டருக்கு 160 மில்லி.

கேள்வி: அண்ணே, வீட்டுக்காரர் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின்சா வேகம் இறங்காமல் கத்துகிறது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திறந்து சமாளிக்கிறார்.

பதில்: தங்கச்சி, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லையென்றால் சோக்கை மூடினால் நின்றுவிடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் கிராங்க் சீல் (இயந்திரத் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) அல்லது இன்டேக் ரப்பர் (கார்புரேட்டரைச் சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பர்) வழியாகப் புகும் காற்று. காற்று கூடி, பெட்ரோலோடு வரும் ஆயில் குறைந்து, பிஸ்டன் கீறிக்கொள்ளும். என் பட்டறை மேசையில் இப்படிக் கீறிய பிஸ்டன் ஒன்று கிடக்கிறது, விரலை வைத்தால் நகம் சிக்கும். கெட்ட சீலையோ ரப்பரையோ மாற்றிய பிறகு ஓட்டலாம்.