வைரஸ் என்று அலறுவது யார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் பதில் பெறும் கடிதங்கள் எல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எழுதியவர்கள் வெவ்வேறு வயதினர் என்றாலும் கேட்டிருப்பது ஏறக்குறைய ஒரே சிக்கலைப் பற்றி என்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, வணக்கம். இரவில் கைப்பேசியில் இலவசமாகத் தொடர் நாடகம் காட்டும் ஓர் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரெனத் திரை சிவப்பாகி, கைப்பேசி அதிர்ந்து, "உங்கள் சாம்சங் கைப்பேசியில் வைரஸ் உள்ளது; இரண்டு நிமிடத்தில் சிம் அட்டை பழுதாகும்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. கைப்பேசியின் மாடல் சரியாக இருந்தது. ஊர் ஈப்போ என்றும் போட்டிருந்தது. பயத்தில் அது காட்டிய 'கிளீனர்' செயலியை இறக்கிவிட்டேன். இப்போது எதைத் திறந்தாலும் விளம்பரமாக வருகிறது. உண்மையிலேயே வைரஸ் இருந்ததா? – செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் பணிபுரியும் வாசகி

பதில்: அம்மா, அந்த அறிவிப்பை வைத்து வைரஸ் இருந்தது என்று சொல்லவே முடியாது. இப்போது தங்கள் கைப்பேசியில் தொல்லை தருவது, அதை நீக்குவதாகச் சொல்லி உள்ளே வந்த செயலிதான்.

ஓர் இணையப் பக்கத்தால் கைப்பேசியில் உள்ள கோப்புகளையோ மற்றச் செயலிகளையோ சோதித்துப் பார்க்க இயலாது. உலாவி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதை மற்றவற்றிலிருந்து தனியாகப் பிரித்தே வைக்கிறது. அப்படியானால் மாடல் எப்படித் தெரிந்தது என்று தாங்கள் கேட்பது நியாயம். பக்கத்தைத் திரைக்கு ஏற்ற அளவில் அனுப்புவதற்காக, எந்த உலாவி, எந்த இயங்குதளம் என்ற விவரங்கள் ஒவ்வொரு முறையும் இணையத்தளத்திற்குத் தானாகவே போகின்றன. கைப்பேசியின் மாடலையும் அதே வழியில் கேட்டுப் பெற முடியும். ஊர்ப் பெயர், தங்கள் இணைய இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து ஊகிக்கப்படுவது. தாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில், அது காட்டியதோ ஈப்போவை. அருகில் இருக்கும் பெரிய ஊர் என்பதால் அது சரியாகப்பட்டிருக்கிறது. உண்மையில் அது ஒரு தோராயமான ஊகம் மட்டுமே. ஆண்ட்ராய்டு கைப்பேசியை அதிரச் செய்யவும் குரோம் உலாவி இணையப் பக்கங்களுக்கு இடம் கொடுக்கிறது. 'இரண்டு நிமிடம்' என்று தொடங்கி எண்கள் குறைந்துகொண்டே வருவது பார்ப்பவர் யோசிப்பதற்கு நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட காட்சி. அது பூஜ்யத்தைத் தொட்டாலும் சிம் அட்டைக்கு ஒன்றும் ஆகாது.

இத்தகைய பக்கங்கள் பெரும்பாலும் கமிஷனுக்காக நடத்தப்படுகின்றன. யாராவது செயலியை இறக்கினாலோ சந்தா கட்டினாலோ பக்கத்தை வைத்திருப்பவருக்குப் பணம் கிடைக்கும். இலவச நாடகத் தளங்களில் இவை அதிகம் தலைகாட்டுவதற்குக் காரணம், அத்தளங்கள் எந்த விளம்பரத்தை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்வதே.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் 'செட்டிங்ஸ்' (மலாயில் 'தெத்தாப்பான்') பகுதியில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, அந்தக் கிளீனரையும், அன்றைக்கு அதனுடன் சேர்ந்து வந்ததாகத் தோன்றும் வேறு எதையும் 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். முகப்புத் திரையிலிருந்து சின்னத்தை மட்டும் அகற்றினால் செயலி போய்விடாது. விளம்பரத்தைக் காட்டுவது எந்தச் செயலி என்று தெரியாவிட்டால், விளம்பரம் திரையில் இருக்கும்போதே, திறந்திருக்கும் செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். அங்கே அந்த விளம்பரம் எந்தச் சின்னத்தின் கீழ் நிற்கிறதோ அதுவே பெரும்பாலும் நீங்கள் தேடும் செயலி. பிறகு பிளே ஸ்டோரில் தங்கள் படத்தைத் தொட்டு, 'பிளே புரொடெக்ட்' வழியாக ஒருமுறை சோதனை செய்யுங்கள். இது கைப்பேசியோடு வரும் வசதி, கட்டணம் கிடையாது.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. அந்தக் கிளீனர் 'மூன்று நாள் இலவசம்' என்று சொல்லித் தங்களிடம் எதற்காவது ஒப்புதல் வாங்கியிருந்தால், பிளே ஸ்டோரில் 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குள் சென்று அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

மறுபடியும் அதே சிவப்புத் திரை வந்தால், அதற்குள் இருக்கும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். 'வேண்டாம்' என்று எழுதியிருப்பதும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியும்கூட அந்தப் பக்கத்தின் ஒரு பகுதிதான், எனவே அவையும் வேறோர் இடத்திற்கு இழுத்துச் செல்லக்கூடும். உலாவியின் தத்தலை ('டேப்') மூடுங்கள். உலாவியைத் திறந்தவுடனே அதே பக்கம் வந்து நின்றால், கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட்டு உலாவியைத் திறந்து, அந்தத் தத்தலை மூடிய பிறகு இணையத்தை இயக்குங்கள்.

கேள்வி: உலாவியை மூடிவிட்டாலும் என் கைப்பேசியின் மேல்பகுதியில் ஒரு மணி நேரத்திற்குப் பல தடவை "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று அறிவிப்பு வருகிறது. பிளே புரொடெக்ட் சோதனையில் எதுவும் அகப்படவில்லை. – ஐந்தாம் படிவ மாணவர்

பதில்: தம்பி, சோதனையில் எதுவும் அகப்படாததற்குக் காரணம், அங்கே நீக்குவதற்குச் செயலி எதுவும் இல்லை என்பதாக இருக்கலாம். ஏதோ ஓர் இணையத்தளம் "நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட 'அலவ்' பொத்தானை அழுத்துங்கள்" என்று கேட்டு, நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்த ஒரு தொடுதல், அறிவிப்பு அனுப்பும் உரிமையை அத்தளத்திற்குக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு உலாவி மூடியிருந்தாலும் அறிவிப்பு வரும். குரோமின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'செட்டிங்ஸ்', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் தடை செய்துவிட்டு, இனி எந்தத் தளமும் அனுமதி கேட்காதபடி அதே இடத்தில் அந்த வசதியையே அணைத்துவிடலாம். கைப்பேசியை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கடையில் சொன்னால், இதை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: என் மடிக்கணினித் திரை முழுவதையும் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஓர் எச்சரிக்கை மறைத்துக்கொண்டது. மூட முடியவில்லை; ஒலியும் நிற்கவில்லை. அதில் இருந்த எண்ணை அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகப் பேசி, 'எனிடெஸ்க்' என்ற மென்பொருளை இறக்கச் சொல்லி, கணினியைத் தாமே இயக்கிப் பல பிழைகளைக் காட்டினார். 400 ரிங்கிட் கேட்டபோது சந்தேகம் வந்து துண்டித்துவிட்டேன். பணம் எதுவும் கொடுக்கவில்லை. இத்துடன் விட்டுவிடலாமா? – பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: விட்டுவிடக் கூடாது ஐயா. பணம் போகவில்லை என்பது நிம்மதிதான். ஆனால் ஓர் அந்நியர் தங்கள் கணினியைத் தம் கைக்குள் வைத்திருந்தார். அந்நேரத்தில் வேறு எதையாவது அவர் பதித்துவிட்டிருக்கலாம். கணினியை இணையத்திலிருந்து பிரித்து, எனிடெஸ்க்கையும் அன்று சேர்ந்த பிற மென்பொருள்களையும் நீக்கி, விண்டோஸோடு வரும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் முழுச் சோதனை செய்யுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க் முறையான மென்பொருள்தான், அலுவலகங்களில் தினமும் பயன்படுவது. குற்றம் அதைத் தவறாகப் பயன்படுத்துபவருடையது. அவர் காட்டிய 'பிழைகள்' பெரும்பாலும் விண்டோஸ் தன் அன்றாட இயக்கத்தைக் குறித்து வைக்கும் 'இவெண்ட் வியூவர்' பதிவுகளாக இருந்திருக்கும். நல்ல நிலையில் உள்ள எந்தக் கணினியிலும் அங்கே சிவப்புக் குறிகள் இருக்கத்தான் செய்யும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை என்று அந்நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண் இருந்தால் பொய் என்று தயங்காமல் முடிவு செய்யலாம். திரையை மூட முடியாததற்குக் காரணம் அந்தப் பக்கம் முழுத்திரைக்கு விரிக்கப்பட்டிருந்ததே; 'எஸ்கேப்' விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் விலகும், இல்லையேல் 'கண்ட்ரோல்', 'ஆல்ட்', 'டெலீட்' மூன்றையும் சேர்த்து அழுத்தி 'டாஸ்க் மேனேஜர்' வழியாக உலாவியை நிறுத்திவிடலாம்.

படித்தவரான தாமும் ஏமாந்தோமே என்று கடிதத்தில் வருந்தியிருக்கிறீர்கள். இது நன்கு பழகிய வியாபாரம், ஐயா. 'வின்ஃபிக்ஸர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' போன்ற போலி மென்பொருள்களைப் பொய்யான சோதனை காட்டி விற்ற ஒரு கூட்டத்தின்மீது அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2008-இல் வழக்குத் தொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். 2012-இல் நீதிமன்றம் விதித்த தொகை 163 மில்லியன் டாலரைத் தாண்டியது. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2024-இல் அதே ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பிறகு, விண்டோஸ் எச்சரிக்கை போன்ற தோற்றத்தில் பயமுறுத்தி வியாபாரம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு நிறுவனங்கள் 26 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. இத்தனை பேரை விழவைத்த ஒன்றில் தாங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே துண்டித்தது சிறிய காரியமன்று.

கேள்வி: உறவினர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. திறந்தபோது ஏதோ செயலியாகப் பதிந்தது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டேன். சின்னத்தையும் காணோம். நீக்கப் போனால் 'அன்இன்ஸ்டால்' பொத்தான் மங்கலாக இருக்கிறது. – ரப்பர் தோட்ட லயத்தில் வசிக்கும் வாசகர்

பதில்: மற்றக் கேள்விகளைவிட இது அவசரமானது. முந்தையவை பயமுறுத்திப் பணம் கேட்பவை, இதுவோ கேட்காமலேயே எடுப்பதற்காக வந்தது. கல்யாணப் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரும். பெயரின் முடிவில் 'ஏபிகே' என்று இருந்தால் அது ஆண்ட்ராய்டில் பதியும் செயலி. உறவினர் எண்ணிலிருந்து வந்திருப்பதால், அவருடைய வாட்ஸ்அப்பே பிறர் கையில் சிக்கியிருக்கக்கூடும். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி எதற்கென்றால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டை (ஓடிபி) திருடுவதற்கு. வீடு துப்புரவு செய்யும் சேவை, செல்லப்பிராணிக் கடை என்ற வேடத்தில் எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த இதே பாணிச் செயலிகளைப் பற்றி ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022-இல் விரிவாக எழுதியிருந்தது. குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படி அவ்வாண்டு செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளைக் கேட்டுக்கொண்டதற்கும் இத்தகைய மோசடிகளே காரணம்.

இதைப் படிக்கும் நேரத்திலேயே கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையையும் அணையுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள், கூகுளில் தேடாதீர்கள், ஏனெனில் அங்கும் போலி எண்கள் உலவுகின்றன. பணம் போயிருந்தால் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த மையத்தில் போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை சேர்ந்து செயல்படுகின்றன. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பதால், நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறைந்துவிடும். அதன் பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். அந்த உறவினருக்கும் அழைத்துச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம்.

இவை முடிந்த பிறகே நீக்கும் வேலை. பொத்தான் மங்கலாக இருப்பதற்குக் காரணம், அந்தச் செயலி 'டிவைஸ் அட்மின்' என்ற நிர்வாகி உரிமையையும் பெற்றிருக்கலாம் என்பது. பாதுகாப்புப் பகுதியில் அந்தப் பட்டியலைத் தேடி உரிமையை ரத்து செய்தால் பொத்தான் தெளியும். 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் தெரியாத செயலிக்கு அனுமதி இருந்தால் அதையும் அணையுங்கள். திரையில் உள்ளதைப் படிக்கவும் தங்களுக்குப் பதிலாகத் தொடவும் அந்த அனுமதி வழிவிடுகிறது. செட்டிங்ஸை மூடிமூடித் தடுத்தால், கைப்பேசியை 'சேஃப் மோடில்' இயக்குங்கள்: பல கைப்பேசிகளில், பவர் பொத்தானை அழுத்தியதும் வரும் 'பவர் ஆஃப்' என்பதை நீண்ட நேரம் தொட்டுப் பிடித்தால் அந்தத் தேர்வு வரும். அந்த நிலையில், இறக்கிப் பதித்த செயலிகள் இயங்கா. சின்னம் மறைந்திருந்தாலும் செட்டிங்ஸின் செயலிப் பட்டியலில் அது இருக்கும், சில சமயம் பெயரே இல்லாமல். இத்தனைக்குப் பிறகும் ஐயம் இருந்தால், படங்களை மட்டும் காப்பெடுத்துக்கொண்டு 'ஃபாக்டரி ரீசெட்' செய்வதே நல்லது. பழைய காப்பிலிருந்து செயலிகளை மீட்காமல் ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்குங்கள்.

கேள்வி: பணம் கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கித் தரவா, அம்மாவின் கைப்பேசிக்கு? அவர் தோட்டத்தில் தனியாக இருக்கிறார், நான் பினாங்கில் வேலை செய்கிறேன். – வாசகி

பதில்: தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்குப் பதிலாக அடுத்த முறை ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப், குரோம் ஆகியவற்றுக்கு, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியைப் பதிக்கவிடும் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குரோமில் தளங்களின் அறிவிப்பை முழுவதுமாக நிறுத்துங்கள். நிலுவையில் உள்ள இயங்குதள மேம்பாட்டைப் போட்டுவிடுங்கள். அம்மா வங்கிச் செயலியைப் பயன்படுத்துபவரானால், ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையை அவருடைய மாதச் செலவுக்கு ஏற்றபடி குறைத்து வையுங்கள்; கணக்கை உடனே முடக்கும் பொத்தான் அந்தச் செயலியில் எங்கே இருக்கிறது என்பதை அவரையே ஒருமுறை தேடித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர் பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணை, அதன்மீது மோசடிப் புகார் உண்டா என்று காட்டும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் நீங்கள் பினாங்கிலிருந்தே சரிபார்த்துச் சொல்லலாம். ஆனால் அதில் புகார் இல்லை என்றால் புகார் இன்னும் வரவில்லை என்று மட்டுமே பொருள்.